ஊசிக்கு அப்புறம் வரும் காய்ச்சலைக் கணக்கெடுக்கும் வேலை

தக்கலையிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

நீட் கைகூடவில்லை, மகள் தடுப்பூசியின் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் வேலைக்குப் படிக்கப் போகிறேன் என்கிறாள், அது தடுப்பூசிக்கு எதிரான வேலையோ என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை அம்மா. தாய்மார்கள் நம்பிக்கையோடு பிள்ளையைத் தூக்கிவர வேண்டுமென்றால் இந்த வேலையை யாராவது நேர்மையாகச் செய்தாக வேண்டும்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் செய்த ஓர் ஆய்வு 2011-ல் வெளியானது. ஒரு வயதில் போடும் தடுப்பூசியின் தேதியையும், அதே குழந்தை ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு வந்த தேதியையும் சேர்த்துவைத்துப் பார்த்தார்கள். அந்த வயதில் காய்ச்சல் சும்மாவே வரும். ஊசியால் வந்ததை எப்படிப் பிரிப்பது? ஊசிக்குப் பின் 4 முதல் 12 வரையான நாட்களை, அதே குழந்தையின் 20 முதல் 28 வரையான நாட்களோடு ஒப்பிட்டார்கள். வீட்டு வசதி, பிறவி நோய் எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றுதான், அதனால் கழிந்துவிடும். முதலில் சொன்ன நாட்களில் 168 குழந்தைகளுக்கு ஒன்று என்ற அளவில் ஆஸ்பத்திரிக்குக் கூடுதலாக வந்திருந்தார்கள். பெரும்பாலும் தீவிரமில்லாத தொந்தரவுகள். ஊசி போட்ட அன்றே வராமல் ஒரு வாரம் கழித்து வருவது ஏன்? அங்கே ஒரு வயதில் போடும் தட்டம்மைத் தடுப்பூசியில் இருப்பது வலுக்குறைத்த உயிருள்ள வைரஸ். அது உடம்பில் பெருக அத்தனை நாள் பிடிக்கும். இது தெரிந்தால் கிராம சுகாதார செவிலியர் தாயிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது.

சரி, படிப்புக்கு வருவோம். பார்ம்.டி என்ற மருந்தியல் படிப்பு 6 வருடம். மருந்தும் நோயாளியும் பிடித்தவளுக்கு நல்லது. பெயருக்கு முன்னால் டாக்டர் போடலாம் என்பதற்காக மட்டும் கடன் வாங்கிச் சேர்க்காதீர்கள். உங்கள் மகள் கணக்கும் உயிரியலும் எடுத்தவள் என்பதால், பி.எஸ்சி. புள்ளியியலே என் முதல் யோசனை. அப்புறம் வேலூர் சி.எம்.சி.யில் உயிர்ப்புள்ளியியல், அதாவது மருத்துவத் தகவல்களுக்கான புள்ளியியல், முதுகலை இருக்கிறது. பொதுச் சுகாதார முதுகலைக்கு நமக்குப் பக்கத்திலேயே திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம். சேர்க்கைத் தகுதியை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பாருங்கள்.

மருந்துப் பாதுகாப்புப் பிரிவில் தனியார் வேலை சென்னை, பெங்களூர், ஹைதராபாத்தில்தான் அதிகம். ஆரம்பத்தில் அறிக்கைகளைப் படித்துப் பதிவு செய்யும் வேலையாகத்தான் இருக்கும், சலிப்புத் தட்டும். அதையும் மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். பிளஸ் டூ கணக்கு மதிப்பெண்ணோடு அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.