கேம் வரும் முன்னே கன்சோல் வாங்கலாமா?

மகன் ஒன்பதாம் வகுப்பு. ஜிடிஏ 6 என்ற வீடியோ கேமுக்காக இப்போதே சோனியின் பிஎஸ் 5 கன்சோல் (டிவியில் இணைத்து கேம் ஆடும் கருவி) வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். வாங்கித் தரலாமா? (குடியாத்தம்)

வேண்டாம். அந்த கேம் 2025 என்றார்கள், பிறகு 2026 மே 26 என்றார்கள், அதற்கும் பிறகு நவம்பர் 19 என்றார்கள். இன்றே வாங்கினால் வாரண்டி இன்றிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். இன்னொன்று: ஐந்தாம் பாகத்துக்கே ஐரோப்பாவில் 18 வயது முத்திரை. ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு அது எதற்கு?

புது கன்சோல் வரும்போது உருப்படியான கேம் நாலு கூட இருப்பதில்லையே, ஏன்? (காட்பாடி மாணவர்)

ஜிடிஏ வரிசையையே பாருங்கள். மூன்றாம் பாகம் 2001, வைஸ் சிட்டி 2002, சான் ஆண்ட்ரியாஸ் 2004. மூன்றும் பிஎஸ் 2 காலத்திலேயே வந்துவிட்டன. நாலாம் பாகம் 2008, ஐந்தாம் பாகம் 2013. பிஎஸ் 4 காலம் முழுவதும் புதுப் பாகமே இல்லை. படம் துல்லியமாக ஆக, ஒவ்வொரு தெருவையும் முகத்தையும் செய்ய ஆளும் கூடுகிறது, ஆண்டும் கூடுகிறது. கன்சோல் விற்கும் தேதி மட்டும் அதற்காகக் காத்திருப்பதில்லை. ஹேலோ இன்ஃபினிட் என்ற கேம், மைக்ரோசாஃப்டின் புது கன்சோலான எக்ஸ்பாக்ஸோடு சேர்ந்தே வரும் என்றார்கள். எக்ஸ்பாக்ஸ் 2020 நவம்பரில் வந்தது, கேம் 2021 டிசம்பரில்தான் வந்தது.

நின்டெண்டோவின் வீ யூ கன்சோல் 2012-இல் வந்தது. அதற்கு 2015-இல் புது செல்டா கேம் என்று அறிவித்தார்கள். வந்ததோ 2017 மார்ச்சில், அடுத்த கன்சோலான ஸ்விட்ச் வெளியான அதே நாளில். அதற்குள் வீ யூ தயாரிப்பே நின்றுவிட்டது. கேம் இல்லையென்று மக்கள் வாங்கவில்லை, மக்கள் வாங்கவில்லையென்று வெளி ஸ்டூடியோக்கள் கேம் செய்யவில்லை. வீ யூ விற்றது சுமார் 1.35 கோடி. ஸ்விட்ச் 15 கோடியைத் தாண்டிவிட்டது.

இதில் அடி வாங்குவது முதல் ஆளாக நம்பி வாங்கியவர்தான், அதுதான் எனக்கு ஆறவில்லை. 2011 மார்ச்சில் அமெரிக்காவில் 250 டாலருக்கு வந்த நின்டெண்டோவின் கையடக்க கன்சோல் 3டிஎஸ், கேம் பஞ்சத்தில் விற்காமல் ஆகஸ்டிலேயே 170 டாலருக்கு இறங்கியது. முன்பே வாங்கியவர்களுக்குப் பழைய கேம்கள் 20 இலவசமாகக் கொடுத்தார்கள். கொடுக்க வேண்டியதுதான்! விற்கும் அன்று கையில் இருக்கிற கேமை மட்டும் சொல்லி விற்கட்டும். வரப்போவதைக் காட்டிக் காசு வாங்குவது அநியாயம்.

ஸ்விட்ச் வாங்கினேன், பில் தரவில்லை. ஒரு மாதத்தில் திரை போய்விட்டது. யாரிடம் கேட்பது? (ராணிப்பேட்டை)

பில்லே கேட்காமல் இவ்வளவு பணத்தை எப்படி எடுத்துக் கொடுத்தீர்கள்? பில் இல்லாமல் நான் வாங்கிய கன்ட்ரோலரும் அலமாரியில்தான் கிடக்கிறது. நல்ல மெக்கானிக்கைத் தேடுங்கள்.

வரப்போகும் கேமுக்காகக் கடையில் 2,000 ரூபாய் முன்பணம் கட்டினேன். தேதி தள்ளிப்போய்விட்டது. பணத்தைக் கேட்டால் “வேற கேம் எடுத்துக்கோங்க” என்கிறார். ரசீது இருக்கிறது. (பேரணாம்பட்டு)

ரசீதை வைத்திருக்கிறீர்கள், நல்ல காரியம் செய்தீர்கள். கேட்காத பொருளை உங்கள் தலையில் கட்ட அவருக்கு உரிமை இல்லை. 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 என்ற கேம் பழுதோடு வந்தபோது, சோனியே அதைத் தன் இணையக் கடையிலிருந்து எடுத்துவிட்டு, கேட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தது. உங்கள் கடைக்காரர் இன்னும் பொருளையே தரவில்லை.

பணம் திரும்ப வேண்டும் என்று எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள், நகலைப் பத்திரப்படுத்துங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும். ரசீதின் மை மங்குவதற்குள் ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.