விமானத்துக்குப் பவர் பேங்க்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறோம். இணையத்தில் 50,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஒன்று மலிவாக வருகிறது. 'விமானத்தில் அனுமதிக்கப்பட்டது' என்றும் போட்டிருக்கிறார்கள். வாங்கலாமா? (வாசகி, திருச்சி)

வேண்டாம். அந்த விளம்பரத்தில் ஒன்று கொள்ளளவு பொய், இல்லையென்றால் 'அனுமதி' பொய். கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். விமான விதிகள் எம்.ஏ.எச். என்ற கொள்ளளவு எண்ணைப் பார்ப்பதில்லை, பேட்டரியில் அடங்கும் மொத்த மின்சக்தியைச் சொல்லும் வாட்-அவர் என்ற அளவைத்தான் பார்க்கின்றன. எம்.ஏ.எச். எண்ணை 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வாட்-அவர் வரும். 10,000 என்றால் 37, 20,000 என்றால் 74. நீங்கள் பார்த்த 50,000-க்கு 185 வருகிறது. 100 வரை பொதுவாகத் தடையில்லை. 100-க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். 160-ஐத் தாண்டினால் பயணி கொண்டுபோகவே முடியாது. பல கம்பெனிகள் 27,000-க்குள் நிறுத்திக்கொள்வதும் இதனால்தான்: 27,000-க்கு 99.9 வாட்-அவர்.

இந்த 'ஃப்ளைட் அப்ரூவ்டு' என்ற முத்திரையை யாரும் கொடுப்பதில்லை. இந்திய விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் டிஜிசிஏ எந்த பவர் பேங்க் மாடலுக்கும் சான்றிதழ் தருவது கிடையாது. 100 வாட்-அவருக்குள் இருக்கிறது என்பதைத்தான் விற்பவர்கள் இப்படி அலங்கரித்து எழுதுகிறார்கள். இந்தியாவில் நீங்கள் தேட வேண்டியது பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் அதனுடன் இருக்கும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும்தான். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் எந்த நிறுவனத்துக்குக் கொடுத்தது என்று காட்டும். பெட்டியில் ஒரு பெயரும் செயலியில் வேறொரு பெயரும் வந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, வாட்-அவர் எண் அட்டைப்பெட்டியில் மட்டும் இருந்தால் போதாது, பவர் பேங்கின் உடம்பிலேயே படிக்கும்படி இருக்க வேண்டும். பாதுகாப்புச் சோதனையில் நிற்கும்போது அட்டைப்பெட்டி வீட்டில் இருக்கும். இரண்டே மாதத்தில் அழிந்துபோகும் ஸ்டிக்கர் ஒட்டியதை விட, பொறித்து எழுதியதற்கு ஐம்பது நூறு கூடக் கொடுக்கலாம்.

வாங்கி எடுத்துப்போனாலும் பறக்கும்போது அது சும்மாதான் இருக்கும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஸ்கூட்டும் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்கால் போனுக்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது, இருக்கையின் யுஎஸ்பியில் பவர் பேங்கைச் சார்ஜ் செய்யவும் கூடாது என்று சொல்லிவிட்டன. ஆகவே வீட்டிலேயே போனுக்கு முழுதாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள்.

கேள்வி: இத்தனை வருடம் சும்மா இருந்துவிட்டு இப்போது ஏன் இந்தக் கெடுபிடி? செக்-இன் பெட்டியில் போடாதே என்றார்கள், இப்போது தலைக்கு மேலும் வைக்காதே என்கிறார்களே? (வாசகர், மதுரை)

2025 ஜனவரி 28 இரவு, தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஹாங்காங் கிளம்பத் தயாராக நின்ற ஏர் பூசான் விமானம் தீப்பிடித்தது. உள்ளே 176 பேர். எல்லோரும் இறங்கித் தப்பித்துவிட்டார்கள், விமானத்தின் மேற்கூரைதான் எரிந்துபோனது. தலைக்கு மேல் உள்ள சாமான் பெட்டியில் இருந்த ஒரு பவர் பேங்கின் உள்ளே இன்சுலேஷன் பழுதாகித் தீப்பிடித்திருக்கலாம் என்று விசாரணையாளர்கள் மார்ச்சில் சொன்னார்கள். அந்த மாதமே கொரியா விதியை இறுக்கியது. மற்ற நாடுகளும் அடுத்தடுத்துத் தொடர்ந்தன.

லித்தியம் பேட்டரியில் ஒரு செல் சூடேறினால் அந்தச் சூடு பக்கத்துச் செல்லுக்குத் தாவும், அது இன்னொன்றுக்கு. சரக்கு அறையில் உள்ள தீயணைப்பு வாயு சுவாலையை அடக்கும், ஆனால் பேட்டரிக்குள் ஓடும் இந்தச் சூட்டை நிறுத்தாது. அதனால்தான் பவர் பேங்க் செக்-இன் பெட்டியில் போகக் கூடாது. கேபினில் என்றால் பணியாளர்கள் தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்கலாம். ஆனால் மூடிய சாமான் பெட்டிக்குள், நாலு பைகளுக்கு அடியில் புகைந்தால் தெரிய வருவதற்கே நேரமாகும். எனவே கண்ணுக்கு எட்டும் இடத்தில் வை என்கிறார்கள். எனக்கு இது கெடுபிடியாகத் தெரியவில்லை.

நம் நாட்டிலும் நடந்தது. 2025 அக்டோபரில் டெல்லியிலிருந்து திமாப்பூர் புறப்படவிருந்த இண்டிகோ விமானம் ஓடுபாதையை நோக்கிப் போகும்போதே ஒரு பயணியின் பவர் பேங்க் தீப்பிடித்தது. பணியாளர்கள் அணைத்துவிட்டார்கள். அப்புறம் டிஜிசிஏவும் விமானத்துக்குள் பவர் பேங்கால் சார்ஜ் செய்யக் கூடாது, தலைக்கு மேல் வைக்கக் கூடாது என்று அறிவுறுத்தியது.

கேள்வி: துபாய்க்கு எமிரேட்ஸில் போகிறேன். இரண்டு சின்ன பவர் பேங்க் எடுத்துப்போகலாமா? (வாசகர், நாகர்கோவில்)

கூடாது. 2025 அக்டோபர் 1 முதல் எமிரேட்ஸில் ஆளுக்கு ஒன்றுதான், அதுவும் 100 வாட்-அவருக்குள். கொள்ளளவு அதன் மேலேயே எழுதியிருக்க வேண்டும். முன் இருக்கையின் பையிலோ, முன் இருக்கைக்குக் கீழேயோதான் வைக்க வேண்டும்.

கேள்வி: சரக்கு வாங்க குவாங்சோ போய், அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் யீவு போவேன். என் பவர் பேங்க் இந்தியாவில் வாங்கியது, நல்ல கம்பெனி. பிரச்சினை வருமா? (வாசகர், சென்னை)

வரும். சீனாவின் உள்நாட்டு விமானங்களில் 2025 ஜூன் 28 முதல் '3சி' என்ற அந்நாட்டுச் சான்று முத்திரை இல்லாத பவர் பேங்க் ஏறாது. முத்திரை தெளிவாகத் தெரியாவிட்டாலும், திரும்பப் பெறச் சொன்ன மாடலாக இருந்தாலும் அதே கதைதான். நம் பிஐஎஸ் முத்திரை அங்கே செல்லாது, கம்பெனி எவ்வளவு பெரியது என்பதும் பேச்சில்லை. உங்களுடையதில் 3சி இல்லையென்றால் வீட்டிலேயே வைத்துவிட்டு, தேவைப்பட்டால் குவாங்சோவில் இறங்கியதும் அங்கேயே 3சி போட்ட ஒன்றை வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். திரும்பி வரும்போது அது இங்கேயும் பயன்படும்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து தம்பி கொண்டுவந்த ஆங்கர் பவர் பேங்க் ஐந்தாறு வருடமாக நன்றாகவே வேலை செய்கிறது. எடுத்துப்போகலாமா? (வாசகி, கோவை)

முதலில் பின்னால் மாடல் எண்ணைப் பாருங்கள். ஏ1263 என்று இருந்தால் உபயோகிப்பதை இன்றே நிறுத்துங்கள். பவர்கோர் 10000 என்ற அந்த மாடலை, தீ அபாயம் காரணமாக 2025 ஜூனில் அமெரிக்காவில் திரும்பப் பெற்றார்கள், 11 லட்சத்துக்கும் மேல். ஆங்கர் இணையதளத்தில் சீரியல் எண்ணைப் போட்டு, பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கலாம். வேறு மாடலாக இருந்தாலும், உப்பியிருந்தால், ஒருமுறை பலமாகக் கீழே விழுந்திருந்தால், சார்ஜ் ஏறும்போது கை வைக்க முடியாத அளவு சுட்டால் பயணத்துக்கு வேண்டாம். குப்பைத்தொட்டியிலும் போடாதீர்கள், மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுங்கள்.

கேள்வி: 'விமான அனுமதி' என்று நம்பி வாங்கியதை ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொண்டார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா? (வாசகர், சேலம்)

ஏர்போர்ட்டில் கிடைக்காது. விற்றவரிடம் கேட்கலாம். பொருளைப் பற்றித் தவறான தகவல் கொடுத்து விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறு. அந்த விளம்பரப் பக்கத்தை மாற்றுவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பில்லோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் விற்பனைத் தளத்துக்கு எழுதுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுங்கள்.