நூறு கோடி வந்தபிறகு?

கேள்வி: எனக்கு 46 வயது. திருப்பூரில் 120 மெஷின் வைத்து ஏற்றுமதிக்கு டி-ஷர்ட் தைக்கிறேன். போன மாதம் தொழில்முனைவோருக்கான இரண்டு நாள் பயிற்சிக்குப் போனேன். பத்து வருடத் தொலைநோக்கை ஒரே வரியில் எழுதச் சொன்னார்கள். ‘ஆண்டுக்கு 100 கோடி டர்ன்ஓவர்’ என்று எழுதினேன், கைதட்டினார்கள். வீட்டில் காட்டியபோது மனைவி, “நூறு கோடி வந்தப்புறம் என்னங்க பண்ணுவீங்க?” என்று கேட்டாள். பதில் வரவில்லை. அந்தத் தாளைப் பார்த்தாலே இப்போது ஒரு மாதிரி இருக்கிறது. எனக்கு என்னதான் வேண்டும் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?
(பெயர் வேண்டாம், திருப்பூர்)

பதில்: முதலில் உங்கள் வீட்டம்மாவுக்கு ஒரு கும்பிடு. இரண்டு நாளில் பயிற்சியாளர் கேட்காததை ஒரே கேள்வியில் கேட்டுவிட்டார்.

என் கதையைச் சொல்கிறேன். நானும் உங்களைப் போல டி-ஷர்ட் தைத்தவன்தான். 2006-ல் என் டைரியின் முதல் பக்கத்தில், ‘2010-க்குள் சொந்த டையிங்’ என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். டையிங் என்றால் துணிக்குச் சாயம் போடும் பட்டறை. என்ன காரணம் என்று யாராவது அன்றைக்குக் கேட்டிருந்தால், தரம், கட்டுப்பாடு, சொன்ன தேதிக்கு டெலிவரி என்று அடுக்கியிருப்பேன். உண்மைக் காரணம், என் பங்காளி ஒருவர் டையிங் போட்டிருந்தார், கல்யாண வீடுகளில் அவருக்கு முன்வரிசை நாற்காலி கிடைத்தது. அவ்வளவுதான். கடன் வாங்கி, இரண்டு சாயம் போடும் மெஷின் இறக்கி, 2010 கடைசியில் ஓட்ட ஆரம்பித்தேன். 2011 ஜனவரியில் திருப்பூர் சாயப்பட்டறைகளை எல்லாம் மூடச் சொல்லி உயர் நீதிமன்ற உத்தரவு வந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கி நின்றதை நானே பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டும் போட்டேன், தப்பு என்னுடையது.

மெஷின்கள் பாலிதீன் போர்த்திக்கொண்டு நின்றன. தவணை மட்டும் நிற்கவில்லை. வேலை இல்லாத அந்த நாட்களில் பழைய ஆர்டர் ஃபைல்களைக் கிழித்துப் போட உட்கார்ந்தேன். அப்போது ஒன்று கண்ணில் பட்டது. பன்னிரண்டு வருடத்தில் நான் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய ஆர்டர்கள் மூன்றே மூன்று. ஒன்று, நல்ல ரேட், ஆனால் பொங்கலுக்கு ஊருக்குப் போகும் ஆட்களைப் பிடித்து வைத்து ராத்திரி பகலாகத் தைக்க வேண்டியிருந்தது. இன்னொன்றில் பையிங் ஹவுஸ்காரர், அதாவது வெளிநாட்டு பையருக்காக ஆர்டர் கொடுக்கும் இடைத்தரகர், ரிஜெக்ட் ஆன துணியைக் கலந்து தைக்கச் சொன்னார். மூன்றாவது, ஒரு குழந்தை உடை. கழுத்து ரிப்பில், அதாவது கழுத்தைச் சுற்றித் தைக்கும் இழுபடும் பட்டியில், மட்டமானதைப் போட்டுக் காசு மிச்சம் பிடிக்கச் சொன்னார்கள். அந்த ரிப் இழுத்தால் திரும்பாது. ஒரு தடவை போட்டுக் கழற்றினாலே கழுத்து தொளதொளவென்று தொங்கிவிடும்.

மற்ற நூற்றுக்கணக்கான ஆர்டர்களுக்கு நான் யோசிக்காமல் தலையாட்டியிருக்கிறேன். அதாவது என் கம்பெனி எப்படி இருக்க வேண்டும் என்பதை இத்தனை வருடமும் பையர்கள்தான் முடிவு செய்திருக்கிறார்கள். நான் முடிவு செய்தது அந்த மூன்று இடத்தில் மட்டும். அந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு என்னைக் கொஞ்சம் புரிந்தது.

அந்தக் கழுத்து ரிப் விஷயத்தை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். குழந்தைக்கு உடம்பு அளவுக்குப் பார்த்தால் தலை பெரிது. துணி தலைக்குள் நுழையும்போது விரிய வேண்டும், நுழைந்ததும் சுருங்கிவிட வேண்டும். அரை சென்டிமீட்டர் குறைந்தால் குழந்தை அழும், கூடினால் தோள் தெரியும். பேட்டர்ன் மாஸ்டரோடு உட்கார்ந்து ஒரு சாம்பிளுக்கு ஆறு கழுத்து வெட்டிப் பார்ப்பேன். ராத்திரி ஒன்பது மணி ஆவது தெரியாது. டி-ஷர்ட் ஆர்டரில் எனக்கு ஒரு நாளும் அப்படி நேரம் போனதில்லை. மேனேஜரை அனுப்பிவிட்டு வங்கிக்குப் போய்விடுவேன். பதில் கண் முன்னால் பத்து வருடமாகக் கிடந்திருக்கிறது, நான்தான் டைரியில் தேடியிருக்கிறேன்.

டையிங்கை வந்த விலைக்குத் தள்ளிவிட்டேன். டி-ஷர்ட்டை இரண்டு வருடத்தில் மெல்ல விட்டுவிட்டு, 60 மெஷினோடு குழந்தை உடை மட்டும் என்று நின்றேன். டர்ன்ஓவர் பாதிக்குக் கீழே போனது. பழைய ஆட்கள் சிலர், “முதலாளி ஒடுங்கிட்டாரு” என்று வேறு கம்பெனிக்குப் போனார்கள். அது வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

நீங்களும் ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்குங்கள். ஐந்து வருடத்தில் மறுத்த ஆர்டர்களை எழுதுங்கள், ஏன் மறுத்தீர்கள் என்று பக்கத்தில். அடுத்த பக்கத்தில், எடுத்துவிட்டு ‘ஏன்டா எடுத்தோம்’ என்று நினைத்தவை. அப்புறம், மேனேஜர் இருந்தும் நீங்களே போய் நிற்கும் வேலை எது என்று எழுதுங்கள். கட்டிங் டேபிளா, செக்கிங்கா, பையரோடு பேசுவதா? எதிலுமே நிற்பதில்லை, கணக்கு பார்ப்பதுதான் பிடிக்கும் என்றால் அதையும் வெட்கப்படாமல் எழுதுங்கள், அதுவும் ஒரு பதில்தான். உங்கள் மனைவி தனியாக ஒரு தாளில் எழுதட்டும். அவர் எழுதி முடிக்கும்வரை எட்டிப் பார்க்காதீர்கள்.

நூறு கோடியை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதைப் பிரித்துப் பாருங்கள். அதற்கு எத்தனை மெஷின், ஹாஸ்டலில் எத்தனை கட்டில், எத்தனை பேருக்குத் தினமும் ஒன்றரை ஷிப்ட், வங்கியில் எவ்வளவு பேக்கிங் கிரெடிட் (ஏற்றுமதி ஆர்டரைக் காட்டி முன்கூட்டி வாங்கும் கடன்), சரக்கு லேட்டானால் சொந்தக் காசில் விமானத்தில் அனுப்ப எத்தனை லட்சம் ஒதுக்க வேண்டும்? இதெல்லாம் எழுதிய பிறகும் கை துறுதுறுவென்று இருந்தால், தாராளமாக இறங்குங்கள்.

46 ஆகிவிட்டதே என்று யோசிக்கிறீர்களோ என்னவோ. மதுரையில் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அரசு வேலையில் ஓய்வு பெற்று, 58 வயதில், 1976-ல் அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். பதினோரு படுக்கைதான். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன மனிதர் அவர். மகப்பேறு மருத்துவராக நினைத்தவர், நோயால் கண் மருத்துவத்துக்கு வந்தார். ‘தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பை ஒழிப்பது’ என்ற அவருடைய ஒரு வரி எந்தப் பயிற்சி ஹாலிலும் எழுதியதல்ல. அரசு டாக்டராக இருந்தபோதே கிராமம் கிராமமாகக் கண் முகாம் நடத்தி, புரை விழுந்து உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துப் பார்த்து வந்த வரி. அது தெளிவாக இருந்ததால்தான், புரையை எடுத்த பிறகு கண்ணுக்குள் வைக்கும் வெளிநாட்டு லென்ஸ் விலை ஏழைகளுக்குக் கட்டுப்படியாகாது என்று தெரிந்தபோது, 1992-ல் மதுரையிலேயே லென்ஸ் செய்ய அரோலேப் தொடங்கினார்கள். ஆஸ்பத்திரி எதற்கு ஃபேக்டரி நடத்த வேண்டும் என்ற கேள்விக்கு அந்த வரியிலேயே பதில் இருந்தது.

கேள்வி: கோவில்பட்டியில் அப்பா விட்டுப்போன கடலை மிட்டாய்த் தொழிலை நானும் அண்ணனும் பார்க்கிறோம். வெல்லப்பாகு, கடலை, அதே பக்குவம், அதை மட்டும் நன்றாகச் செய்து ஊர் ஊராக அனுப்பலாம் என்கிறேன் நான். சாக்லேட், குக்கீஸ் என்று விரிக்கலாம் என்கிறார் அண்ணன். பத்து வருடக் கனவு இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை. என்ன செய்ய?
(வாசகி, கோவில்பட்டி)

பதில்: 2020-ல் உங்கள் ஊர் மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு உங்கள் பக்கம் வாதம் பலமாகத்தான் இருக்கிறது, அம்மா. ஆனால் இது மிட்டாய்ச் சண்டை இல்லை என்று எனக்கு ஒரு சந்தேகம். உங்கள் அண்ணனிடம் தொழிலைப் பற்றிப் பேசாமல், “பத்து வருஷம் கழிச்சு எந்த ஊர்ல இருப்பே அண்ணா?” என்று மட்டும் கேளுங்கள். பிள்ளைகள் படிப்புக்குச் சென்னை, கோவை என்று மனதில் வைத்திருப்பவர், தான் பக்கத்தில் நின்று பாகு பதம் பார்க்க வேண்டிய தொழிலை விரும்ப மாட்டார். எங்கிருந்தும் நடத்தக்கூடியதைத்தான் தேடுவார். அது தெரிந்துவிட்டால் பாகம் பிரிப்பதா, அவர் விற்பனை, நீங்கள் பட்டறை என்று வேலையைப் பிரிப்பதா என்று பேச முடியும். தெரியாமல் சாக்லேட்டைப் பற்றி எவ்வளவு பேசினாலும் சண்டைதான்.

கேள்வி: கம்பெனியின் தொலைநோக்கை ஃப்ரேம் போட்டுச் சுவரில் மாட்டினால் பலன் உண்டா?
(வாசகர், ஈரோடு)

பதில்: நாங்கள் மாட்டியிருந்தோம். ஆங்கிலத்தில், தங்க நிற எழுத்தில். எங்கள் கட்டிங் மாஸ்டர் அதே ஆணியில் தினசரி காலண்டரைத் தொங்கவிட்டார். மூன்று மாதம் கழித்து, முகூர்த்த நாள் பார்க்கத் தாளைத் தூக்கியபோதுதான் கவனித்தேன்.