எஸ்பெராந்தோ வடிவாக வர என்ன இலக்கணம் வேணும்? வன்னி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

மல்லாவியிலிருந்து உயர்தர மாணவி: அக்கா, எஸ்பெராந்தோவுக்கு மொத்தம் 16 விதிதான் என்கிறார்கள். அதைப் பாடமாக்கினால் போதுமோ?

போதாது தங்கச்சி. எஸ்பெராந்தோ எல்லா நாட்டாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கிய மொழி. அதை உருவாக்கிய ஸமென்ஹோஃப் 1887இல் வார்சாவில் வெளியிட்ட முதல் நூலில் அந்த 16 விதிகள் இருக்கின்றன, உண்மைதான். ஆனால் ஐரோப்பிய மொழி ஏதாவது தெரிந்தவர்கள் வாசிப்பார்கள் என்று நினைத்து எழுதிய விதிகள் அவை. அவர்களுக்குச் சொல்லாமலே விளங்குவது பல, நமக்குச் சொன்னால்தான் விளங்கும். பெயர்ச்சொல் ஓ-வில் முடியும், பெயரடை ஆ-வில் முடியும், நிகழ்காலம் ஆஸ், இறந்தகாலம் இஸ், எதிர்காலம் ஓஸ். இவ்வளவும் ஒரு கிழமையில் வந்துவிடும். ஆளை நிறுத்தி வைப்பது வேறு மூன்று இடங்கள்: செயப்படுபொருளின் ன், தன்வினை பிறவினை, ‘கீஉ’ (யார், எது) போட்டு வாக்கியம் இணைப்பது. கீழே கேள்விகளும் பெரும்பாலும் இவற்றைப் பற்றித்தான் வந்திருக்கின்றன.

புதுக்குடியிருப்பு, ஓய்வுபெற்ற ஆசிரியர்: பிள்ளை, அந்த ‘ன்’ நம்முடைய ‘ஐ’ தானே? பிறகேன் எல்லாரும் அதில் பிழை விடுகிறார்கள்?

ஓம் ஐயா, இரண்டாம் வேற்றுமைதான். ‘லா கம்பரானோ பேலாஸ் லா எலெஃபாந்தோன்’ என்றால் விவசாயி யானையை விரட்டுகிறார். ன்-ஐ இடம் மாற்றி, ‘லா கம்பரானோன் பேலாஸ் லா எலெஃபாந்தோ’ என்றால் யானை விவசாயியை விரட்டுகிறது. சொல் வரிசை மாறவில்லை, ஓடுகிற ஆள்தான் மாறுகிறார். இது தமிழருக்கு உடனே பிடிபடும்.

பிழை வருவது எங்கே என்றால், நாம் அஃறிணைக்கு ஐ-யை விட்டுவிட்டுக் கதைக்கிறோம். ‘தண்ணி குடிச்சன்’, ‘புத்தகம் வாசிச்சன்’. அந்தப் பழக்கத்தில் ‘மி த்ரின்காஸ் அக்வோ’ என்று எழுதிவிடுவார்கள். எஸ்பெராந்தோவில் அந்தச் சலுகை இல்லை. ‘அக்வோன்’ என்றே வர வேண்டும்.

இன்னொரு வேலையும் ன்-க்கு உண்டு. ‘என் லா ஜார்தேனோ’ ஓடுகிற பிள்ளை ஏற்கெனவே தோட்டத்துக்குள் நின்று ஓடுகிறது. ‘என் லா ஜார்தேனோன்’ என்றால் வெளியிலிருந்து தோட்டத்துக்குள் ஓடிப்போகிறது.

மாங்குளம்: ‘இக்’, ‘இஜ்’ இரண்டும் எனக்குத் தலைகீழாகவே வருகுது. எப்படிப் பிரிப்பது?

தம்பி, இங்கிலீசு வழியாகப் போகாதீர்கள். ஒன்பதாம் பத்தாம் வகுப்பில் படித்த தன்வினை பிறவினையை எடுங்கள். வினையடியோடு இக் சேர்த்தால் பிறவினை, இஜ் சேர்த்தால் தன்வினை. உருள், உருட்டு. திரும்பு, திருப்பு. எரி என்பதில் ‘எரிந்தது, எரித்தேன்’. இந்த வேறுபாட்டை நாம் நாள் முழுக்க யோசிக்காமலே சரியாகச் சொல்கிறோம். இங்கிலீசில் பல வினைகளுக்கு ஒரே வடிவந்தான், அதனால் அந்த வழியாகப் படிப்பவருக்கு இந்த இடம் இருட்டு.

செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஒவ்வொரு வினையடியும் பிறப்பிலேயே எந்தப் பக்கம் என்று பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். ‘போலி’ என்ற எஸ்பெராந்தோ வினை தன்வினை: ‘லா அக்வோ போலாஸ்’, தண்ணீர் கொதிக்கிறது. கொதிக்க வைக்க இக் சேர்த்து ‘மி பொலீகாஸ் அக்வோன்’. ‘ஃபீனி’ அதற்கு மறுபக்கம், பிறவினை: ‘மி ஃபீனிஸ் லா லபோரோன்’, வேலையை முடித்தேன். வேலை தானாக முடிந்தால் இஜ் சேர்த்து ‘லா லபோரோ ஃபினீஜிஸ்’.

தமிழ் கைவிடும் இடமும் உண்டு. ‘பாடம் தொடங்கியது’, ‘பாடத்தைத் தொடங்கினேன்’, இரண்டுக்கும் நமக்கு ஒரே ‘தொடங்கு’ தான். எஸ்பெராந்தோவில் ‘கொமென்த்ஸி’ பிறவினை. ஆகவே பாடம் தானாகத் தொடங்கினால் இஜ் கட்டாயம். இப்படிப்பட்ட சொற்களுக்குக் கொப்பியில் தனிப் பக்கம் ஒதுக்குங்கள்.

வவுனியா: பெயரடைக்கும் பன்மை போட வேணுமோ?

வேண்டும், ன்-உம் சேர்த்து. ‘நல்ல பிள்ளைகளை’ என்பதில் ‘நல்ல’ மாறாது. அங்கே ‘போனாய்ன் இன்ஃபானோய்ன்’. பழகும்வரை எழுதிய பின் ஒருதரம் இதற்காக மட்டும் திருப்பிப் பாருங்கள்.

கிளிநொச்சி: ‘நான் பேசிய ஆள்’ என்பதை எழுத முடியாமல் நிற்கிறேன். பெயரெச்சம் அங்கே இல்லையோ?

பாதி இருக்கிறது. ‘வெனிந்தா க்னாபோ’ வந்த பையன், ‘வெனாந்தா’ வருகிற, ‘வெனோந்தா’ வரப்போகிற. நம் பெயரெச்சம் போலவே மூன்று காலமும் காட்டும். இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

ஆனால் உங்கள் வாக்கியத்துக்கு இது உதவாது. நம் பெயரெச்சம் வேற்றுமையை மறைத்துவிடும். ‘நான் பேசிய ஆள்’ என்றால் ஆளோடு பேசினீர்களா, ஆளைப் பற்றிப் பேசினீர்களா? கேட்பவர் ஊகித்துக்கொள்வார். எஸ்பெராந்தோவில் நீங்களே சொல்லியாக வேண்டும்: ‘லா ஹோமோ, குன் கீஉ மி பரோலிஸ்’ ஆளோடு, ‘ப்ரி கீஉ’ ஆளைப் பற்றி. ‘நான் வாசித்த புத்தகம்’ என்றால் ‘லா லீப்ரோ, கீஉன் மி லேகிஸ்’. வழி என்னவென்றால், முதலில் இரண்டு வாக்கியமாக உடையுங்கள். ‘இது புத்தகம். நான் புத்தகத்தை வாசித்தேன்.’ ஐ வந்தால் கீஉன், ஓடு வந்தால் குன் கீஉ. நாலைந்து நாள் எழுதினால் உடைக்காமலே வரும்.

ஒட்டுசுட்டான்: 45 சொல் அட்டவணையைப் பார்த்தே பயந்துவிட்டேன்.

பயப்பட ஒன்றுமில்லை. வினா, சுட்டு போன்ற சொற்களை ஒழுங்காக அடுக்கிய அட்டவணைதான் அது. எங்கே, அங்கே, எப்போது, அப்போது, எப்படி, அப்படி. அதே ஒழுங்குதான்: கீஎ, தீஎ, கீஅம், தீஅம், கீஎல், தீஎல். முன்பகுதி ஐந்து, பின்பகுதி ஒன்பது, பெருக்கினால் 45. ஒன்றில் மட்டும் கவனம். நாம் ‘ஒருபோதும் வரவில்லை’ என்று எதிர்மறை வினை போடுவோம். அங்கே ‘நெனீஅம்’ வந்தால் அதுவே மறுத்துவிடும். ‘மி நெனீஅம் வேனிஸ்’. கூட ஒரு ‘நே’ (இல்லை) போட்டால் பொருள் கவிழும்.

அதே வாசகர்: ‘வருவேன் என்று சொன்னான்’ என்பதில் எந்தக் காலம்?

சொன்னவன் வாயில் வந்த காலமே. ‘லி தீரிஸ், கே லி வேனோஸ்.’ தமிழ் போலத்தான். இங்கிலீசை நினைத்து ‘வேனூஸ்’ என்ற நிபந்தனை வடிவத்தை எழுத வேண்டாம்.

முல்லைத்தீவு: சோதனை எடுக்க எந்த மட்டத்தில் இருக்க வேணும், அக்கா?

ரொட்டர்டாமில் தலைமையகம் உள்ள உலக எஸ்பெராந்தோ சங்கம் பி1 (இடைநிலை), பி2 (மேல் இடைநிலை), சி1 (உயர்நிலை) மட்டங்களில் சோதனை நடத்துகிறது. ன், பெயரடைப் பன்மை, 45 சொற்கள் இவற்றில் தடுமாறாவிட்டால் பி1க்கு இலக்கணம் காணும். அதற்கு மேலே போக இக்-இஜ், கீஉ, எச்ச வடிவங்கள் எல்லாம் கதைக்கும்போதே வர வேண்டும். எழுதுவதை மட்டும் வைத்து மட்டத்தைத் தீர்மானிக்காதீர்கள். தமிழ் எழுத்தில் p, b இரண்டுக்கும் ப ஒன்றுதான், k, g இரண்டுக்கும் க ஒன்றுதான், ஆகவே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ‘லெர்னு’ தளத்தில் ஒலிப்பதிவைக் கேட்டு, கூடவே சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.