சென்னைக் கழிமுகத்தில் விண்ட் ஃபாயில் ஓட்ட முடியுமா? ஒரு பிற்பகல் போதுமா? பறப்பது எப்படி இருக்கும்?

ஓட்டலாம், பிற்பகலும் போதும். விண்ட் ஃபாயில் என்பது, அடியில் இருக்கும் இறக்கைகளால் நீருக்கு மேலே எழும்பி ஓடும் பாய்ப்பலகை. ஆனால் காற்றைப் பார்க்கச் செயலியைத் திறப்பதற்கு முன்னால், சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பாருங்கள். ராகு காலத்துக்காக அல்ல, திதிக்காக.

சாதாரணப் பாய்ப்பலகைக்கு முழங்காலுக்கு மேல் தண்ணீர் இருந்தால் சமாளித்துவிடலாம். ஃபாயிலுக்கு அது போதாது. பலகையின் அடியில் பெரும்பாலும் முக்கால் மீட்டருக்குக் குறையாத தண்டு, அதன் நுனியில் முன்னும் பின்னுமாக இரண்டு இறக்கைகள். முட்டுக்காடு மாதிரி மணல் திட்டு நிறைந்த இடத்தில் அந்த இறக்கை தரை தட்டினால் பலகை அங்கேயே நின்றுவிடும், நீங்கள் மட்டும் பாயோடு முன்னால் பறப்பீர்கள். ஆகவே கடல் ஏற்றம் உச்சத்துக்கு வரும் வேளைதான் வேண்டும்.

அமாவாசை, பௌர்ணமி நாட்களில் சென்னையில் ஏற்றம் காலை எட்டு, ஒன்பது மணிவாக்கில் வந்து போய்விடும். கடற்காற்று நன்றாகப் பிடிக்கிற இரண்டு, மூன்று மணிக்கு வற்றம்தான் இருக்கும். ஏற்றம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போவதால், அஷ்டமியை ஒட்டித்தான் அது பிற்பகலுக்கு வந்து சேரும். அஷ்டமி நவமியில் எதையும் தொடங்கக் கூடாது என்று வீட்டில் சொல்வார்கள்; ஃபாயிலுக்கு அவைதாம் முகூர்த்த நாட்கள். துறைமுகத்துக்கான ஓத அட்டவணையை அப்படியே நம்பவும் வேண்டாம். முகத்துவாரம் குறுகலாக இருப்பதால் கடலில் ஏற்றம் முடிந்த பிறகும் உள்ளே கொஞ்ச நேரம் தண்ணீர் ஏறிக்கொண்டுதான் இருக்கும். மணல் மூடி முகத்துவாரமே அடைத்துக்கொண்டால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. மழை வெள்ளம் வடிந்து, வாய் இன்னும் திறந்திருக்கிற மாசி, பங்குனி எனக்குப் பிடித்த காலம். ஜூன், ஜூலையில் மேற்குக் காற்று தடுப்பதால் கடற்காற்று பல நாள் தாமதமாகத்தான் வரும்.

அடுத்தது நீரோட்டம். கடலிலிருந்து மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வருகிறது, நீரோட்டம் 3 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் உள்ளே ஏறும்போது காற்றும் அதே திசை என்பதால் பாய்க்குக் கிடைப்பது 15. தண்ணீர் வடியத் தொடங்கினால் 21. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அதே பாயில் விழும் விசை ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். வடியும் நீரில் எளிதாக எழும்பலாம் என்று அனுபவசாலிகள் அதற்காகக் காத்திருப்பார்கள். புதியவர்களுக்கு நான் அதைச் சொல்லவே மாட்டேன். ஏற்றத்தில் விழுந்தால் நீரோட்டம் உங்களைக் காயலுக்குள் தள்ளும். வடியும்போது விழுந்தால் முகத்துவாரம் வழியாக அலைக்குள் கொண்டுபோகும்.

பறப்பது எப்படி இருக்கும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேகம் கூடியதும் பின்காலில் லேசாக எடை கொடுக்க வேண்டும். பலகையின் அடியில் தண்ணீர் தட்டித் தட்டி வந்த சத்தம் சட்டென்று நின்றுவிடும். தண்டு நீரைக் கிழிக்கும் மெல்லிய ரீங்காரம் மட்டும் பாதத்தில் தெரியும். அங்கே ரசித்துக்கொண்டு நிற்கக் கூடாது. உடனே எடையை முன்காலுக்கு மாற்றாவிட்டால் பலகை மேலே மேலே ஏறி, முன் இறக்கை நீர்ப்பரப்புக்கு வெளியே வந்துவிடும். இறக்கையைக் காற்று பற்றிய நொடியில் தூக்குவிசை போய்விடும், மொத்தமும் தடாலென்று விழும். 2024 ஒலிம்பிக்கில் பிரான்ஸின் மார்சேய் கடலில் விண்ட் ஃபாயில் வீரர்கள் சிரமமே இல்லாமல் போவதாகத் தெரிந்ததே, அவர்களின் கால்கள் ஓயாமல் செய்துகொண்டிருந்த வேலை இதுதான்.

முட்டுக்காட்டில் படகுக் குழாம் பக்கம் போகாதீர்கள், அங்கே சுற்றுலாப் படகுகள் ஓடும். பாலத் தூண்களிலிருந்தும் நன்றாக விலகியே இருங்கள். கழியில் வலை போடுகிறவர்களிடம் முதலில் பேசிவிடுங்கள். தெர்மாகோல் மிதவை எங்கே தெரிகிறதோ அதற்குக் கீழே வலை இருக்கும். ஃபாயில் அதை அறுத்தால் ஒருவருடைய அன்றைய வருமானம் போச்சு. ஆழம் பற்றிக் கேட்டாலும் அவர்கள் சொல்வதுதான் சரியாக இருக்கும், ஒவ்வொரு மழைக்குப் பிறகும் திட்டுகள் இடம் மாறிவிடுகின்றன. தலைக்கவசம், மிதவைச் சட்டை, சிப்பி கிழிக்காத தடித்த அடியுள்ள காலணி, இந்த மூன்றும் இல்லாமல் இறங்க வேண்டாம்.