‘டி ஹேம் வரைந்தது’ என்று எழுதிய அந்த ஒரு வரி

லண்டன் ஹாரோவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். காலமான அவருடைய கணவர் 1998-இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு பழம்பொருள் கடையில் மலர்ச்சாடி ஓவியம் ஒன்றை வாங்கி வந்தாராம். சென்ற ஆண்டு வாசகி அதை இணையத்தில், “யான் டாவிட்ஸ் டி ஹேம் வரைந்த 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியம்” என்று விளம்பரம் செய்து, 14,000 பவுண்டுக்கு விற்றிருக்கிறார். ஐந்து மாதம் கழித்து, இலைகளின் பச்சையில் பிரஷ்யன் நீலம் என்ற நிறமி இருப்பதாகப் பரிசோதனை அறிக்கையைக் காட்டி, வாங்கியவர் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். “வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் டார்ச் அடித்துப் பார்த்துத்தானே வாங்கினார்? இப்போது என்னை மோசடிக்காரி என்கிறார். இறந்துபோன என் கணவரையும் இழுத்துப் பேசுகிறார். நான் ஏன் கொடுக்க வேண்டும்?” என்று கேட்கிறார்.

அம்மா, அவர் பேசியது தவறுதான். ஆனால் அதை வைத்து உங்களுக்கு எந்த நிவாரணமும் கிடைக்காது. உங்கள் கணவரின் நேர்மையும் இந்த வழக்கில் கேள்வி இல்லை. கேள்வி ஒன்றுதான்: ‘டி ஹேம் வரைந்த’ என்று நீங்கள் எழுதியதை நம்பி அவர் வாங்கினாரா?

கலைச் சந்தையில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விலை உண்டு. ஓவியரின் பெயரை மட்டும் போட்டால் அவரே வரைந்தது என்று பொருள். ‘அவருடையதாகக் கருதப்படுவது’, ‘அவர் வட்டத்தைச் சேர்ந்தது’, ‘அவர் பாணியில்’, ‘அவர் ஓவியத்தைப் பார்த்து வரைந்தது’ என்று ஒவ்வொரு படி இறங்கும்போதும் விலையும் இறங்கும். நீங்கள் எழுதியது மேல் படி. டி ஹேம் 1683 அல்லது 1684-இல் இறந்தார். பிரஷ்யன் நீலம் கண்டுபிடிக்கப்பட்டதே 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். பிற்காலத்தில் யாரோ பழுதுபார்த்தபோது அந்த நீலம் சேர்ந்திருக்கலாம் என்று வாதாடலாம்தான். அதற்கு நீங்களும் ஒரு நிபுணரை அமர்த்த வேண்டும். அந்தச் செலவும் உங்கள் தலையில்.

தனிநபர் விற்பனைதானே, பார்த்துத்தானே வாங்கினார் என்று நினைக்கிறீர்கள். தரத்தைப் பற்றிய புகார் என்றால் அது ஓரளவு எடுபடும். ஆனால் 1979ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டத்தின் 13ஆவது பிரிவு, பொருள் விவரிப்புக்குப் பொருந்த வேண்டும் என்பதைக் கடைக்காரருக்கு மட்டும் வைக்கவில்லை. உங்களுக்கும்தான்.

உங்கள் நண்பர் எடுத்துக்காட்டியதாக நீங்கள் எழுதியிருக்கும் வழக்கு, ஜெர்மன் ஓவியர் காப்ரியேலே மூன்ட்டர் பெயரில் விற்ற ஓவியத்தைப் பற்றியது, எனக்கும் தெரியும். 6,000 பவுண்டுக்கு விற்ற அந்த ஓவியம் போலி என்று பின்னர் தெரியவந்தும் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் விற்றவரே ஜெயித்தார். ஆனால் அங்கே இருவரும் வணிகர்கள். வாங்கியவர்கள் அந்த வகை ஓவியங்களில் தேர்ந்தவர்கள். விற்றவரோ, தனக்கு அந்த ஓவியரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். நீங்கள் அப்படியா சொன்னீர்கள்? வாங்கியவருக்கு நீங்களே அனுப்பியிருக்கும் வாட்ஸ்அப் செய்தியைப் பாருங்கள்: “என் கணவர் நிபுணரிடம் காட்டி உறுதி செய்தது.”

எனக்குப் பயமே அந்தச் செய்தியில்தான். 1967ஆம் ஆண்டு தவறான கூற்றுச் சட்டத்தின்படி, சொன்னதை நம்ப நியாயமான காரணம் இருந்தது என்று நிரூபிக்க வேண்டியவர் நீங்கள், அவரல்ல. நிபுணர் யார், எப்போது பார்த்தார், ஒரு வரி எழுத்து உண்டா? கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய ஆம்ஸ்டர்டாம் ரசீதில், மங்கிய நீல மையில் ‘ப்ளூம்ஸ்டுக்’ என்று மட்டும் இருக்கிறது. டச்சு மொழியில் மலர் ஓவியம் என்று பொருள். டி ஹேம் பெயரே இல்லை. வழக்கு என்று வந்தால் அந்த ரசீதை நீங்கள் காட்டியே ஆக வேண்டும்.

இந்த இடத்தில்தான் பலர் விழுகிறார்கள். என்னிடம் வந்த ஒருவர், இதேபோன்ற விற்பனையில், தகராறு தொடங்கிய அன்றிரவே விளம்பரத்தை அழித்துவிட்டார். வாங்கியவரிடம் படமெடுத்த பிரதி இருந்தது. அதற்குப் பிறகு வழக்கு ஓவியத்தைப் பற்றியதாக இல்லை, ஏன் அழித்தார் என்பதைப் பற்றியதாக ஆகிவிட்டது. தெரியாமல் சொன்னவர், தெரிந்தே சொன்னவராகப் பார்க்கப்பட்டார். அதனால் எதையும் அழிக்காதீர்கள். கோபத்தில் இனி ஒரு செய்தியும் அனுப்பாதீர்கள்.

அப்புறம் செலவு. 10,000 பவுண்டுக்கு மேலே போனதால் இது சிறு உரிமைகோரல் பிரிவுக்குள் வராது. அதனால், தோற்றால் அவருடைய வழக்கறிஞர் செலவிலும் ஒரு பங்கு உங்கள் மேல் விழும்.

நேராகச் சொல்கிறேன்: பணத்தைக் கொடுத்து ஓவியத்தைத் திரும்ப வாங்குங்கள். ஆனால் ஓவியத்தைப் பார்க்காமல் ஒரு பைசா அனுப்பாதீர்கள். வாங்கியவர் அதைச் சுத்தம் செய்தாரா, பழைய வார்னிஷை எடுத்தாரா, பின்துணியை மாற்றினாரா என்று முதலில் எழுத்தில் கேளுங்கள். நீங்கள் கொடுத்த நிலையில் அதைத் திருப்பித் தர முடியாவிட்டால், முழுப் பணத்தையும் கேட்கும் அவருடைய வாதம் பலவீனமாகும். தொகையைக் குறைக்க உங்களிடம் இருக்கும் ஒரே பிடி அதுதான். உடன்பாட்டில் ‘முழுமையான, இறுதித் தீர்வு’ என்ற வாசகம் இருக்க வேண்டும். மோசடிக் குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுகிறேன் என்ற வரியையும் கேளுங்கள். உங்கள் மனவருத்தத்துக்கு இந்த வழக்கில் கிடைக்கக்கூடியது அவ்வளவுதான்.

ஓவியம் திரும்பி வந்தபின் விற்க நினைத்தால், ஏலக்கூடத்திடம் ரசீதோடும் பரிசோதனை அறிக்கையோடும் கொடுங்கள். டி ஹேம் பெயருக்கு முன்னால் எந்தச் சொல்லைப் போடுவது என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.