கற்பனைக் கதையில் வரும் பறக்கும் குதிரைகளுக்குப் புராணத்தில் இருந்ததுபோல் தோன்றும் பெயர்களை எப்படி உருவாக்குவது?

நான் செய்த தப்பிலிருந்தே தொடங்குகிறேன். அக்கா மகனுக்கு ராத்திரியில் சொல்வதற்காக ஒரு தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். அதில் வந்த பறக்கும் குதிரைக்கு ‘ககனவேகன்’ என்று பெயர். எனக்கு அது ரொம்பக் கம்பீரமாகப் பட்டது. மூன்றாம் நாள் கதையில் குதிரை பள்ளத்தாக்கில் தொலைந்துபோகிறது. இளவரசி மலை உச்சியில் நின்று அதைக் கூப்பிட வேண்டும். “ககனவேகா!” என்று நானே கத்திக் காட்டினேன். தொண்டையில் ஏதோ சிக்கியவன் மாதிரி இருந்தது. “மாமா, அவங்க கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள குதிரை அடுத்த ஊருக்கே போயிடும்” என்றான் பையன்.

அப்புறம்தான் பழைய கதைகளில் குதிரைகளுக்கு என்னதான் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று உட்கார்ந்து பார்த்தேன். ஒரு வேடிக்கை தெரிந்தது. நான் பார்த்த பெயர்போன குதிரைகள் எதன் பெயரிலும் இறக்கையே இல்லை. கிரேக்கப் புராணத்தின் இறக்கைக் குதிரையான பெகாசஸை எடுத்துக்கொள்ளுங்கள். உலகைச் சுற்றி ஓடுவதாகச் சொல்லப்படும் ஓக்கியனோஸ் நதியின் நீரூற்றுகளுக்கு அருகில் பிறந்ததால், நீரூற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது என்கிறார் கிரேக்கக் கவிஞர் ஹெசியட். இன்றைய துருக்கிப் பகுதியான அனத்தோலியாவின் பழைய லூவிய மொழியில் மின்னலைக் குறித்த ஒரு சொல்லோடு அதைச் சேர்த்துப் பார்ப்பவர்களும் உண்டு. இஸ்லாமிய மரபில் நபிகள் நாயகம் ஏறிச் சென்றதாகச் சொல்லப்படும் ‘புராக்’கின் பெயரும் மின்னலைக் குறிக்கும் ‘பர்க்’ என்ற அரபுச் சொல்லின் வேரிலிருந்து வந்ததுதான். கிரேக்க வீரன் அகிலீஸின் தேரை இழுத்த இரண்டு குதிரைகள் மேற்குக் காற்றுக்கே பிறந்தவை. அவற்றின் பெயர்களோ சாந்தோஸ், பாலியோஸ். ஒன்று பழுப்பு மஞ்சள், இன்னொன்று புள்ளி விழுந்தது, அவ்வளவுதான். நம்மூரில் மாட்டை செவலை, மயிலை என்று கூப்பிடுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பாற்கடலைக் கடைந்தபோது வந்த உச்சைச்சிரவத்தின் பெயருக்கு உயர்ந்த காது என்றும் உரத்த ஒலி என்றும் பொருள் சொல்வார்கள். விண்ணில் திரிகிற குதிரைக்குக் காதை வைத்துப் பெயர்!

நம்மிடமே இதைவிட நல்ல உதாரணம் இருக்கிறது. சிறுபாணாற்றுப்படையில் ‘காரிக் குதிரைக் காரி’ என்று வருகிறது. ‘ஓரிக் குதிரை ஓரி’யும் அங்கேயே உண்டு. குதிரைக்கும் வள்ளலுக்கும் ஒரே பெயர். காரி என்றால் கறுப்பு, ஓரி என்றால் பிடரி மயிர். தேசிங்கு ராஜன் கதையில் வருகிற நீலவேணியும் மயிரை வைத்து வந்த பெயர்தான், வேணி என்றால் சடை. இவற்றை வாய்விட்டுக் கூப்பிட்டுப் பாருங்கள். காரீ! ஓரீ! நீலவேணீ! தமிழில் இகரத்தில் முடியும் பெயரை விளிக்கும்போது கடைசி எழுத்து தானாக நீண்டுவிடும். மலைக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினால் அந்தப் பக்கம் கேட்கும்.

அதனால் என் முதல் யோசனை, பெயரில் சிறகை வைக்காதீர்கள். இறக்கையை வாசகர் எப்படியும் பார்க்கப்போகிறார். முதன்முதலில் அந்தக் குதிரையைப் பார்த்த ஆள் வேறு எதைக் கவனித்திருப்பார் என்று யோசியுங்கள். நிறமா, குளம்புச் சத்தமா, அது வந்தபோது அடித்த மழையா?

பழந்தமிழ்ச் சொற்களைத் தேடிப் போனால் கொஞ்சம் ஜாக்கிரதை. விசும்பு என்றால் வானம் என்று ‘விசும்பி’ என வைத்தேன். குதிரை அழுதுகொண்டே இருப்பதுபோல் ஆகிவிட்டது. சிறை என்றால் சங்கத் தமிழில் சிறகு. ஆனால் ‘வெண்சிறை’ என்று எழுதினால் படிப்பவர் மனம் ஜெயிலுக்குத்தான் போகும். காற்றுகளின் பெயர் நாலும் அழகு என்று நினைத்தேன். வாடை இன்று நாற்றமாகிவிட்டது, கோடை வெயிலாகிவிட்டது, தென்றல் பக்கத்து வீட்டுப் பெண். மிஞ்சியது கீழ்க்காற்றான கொண்டல் மட்டும். சரி, அதையே ‘கொண்டலை’ என்று கொஞ்சம் நீட்டலாமே என்று பார்த்தால் இன்னொரு சிக்கல். “கொண்டலை அழைத்தான்” என்று எழுதும்போது அந்த ஐ பெயரில் உள்ளதா, வேற்றுமை உருபா? “கொண்டலையை” என்று எழுதினால் நாக்கு தடுக்குகிறது. ஆகவே எந்தப் பெயரையும் ஐ, ஆல், கு, இல் எல்லாம் ஒட்டி நாலு வாக்கியத்தில் ஓடவிட்டுப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். முந்நூறு பக்கம் அதோடு குடித்தனம் நடத்த வேண்டுமே.

ஒரே குதிரை இல்லாமல் கூட்டமாக வந்தால் பெயர்களுக்குள் ஓர் ஒழுங்கு வேண்டும். இதற்கு விஷ்ணு புராணம் காட்டும் வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். சூரியனின் ஏழு குதிரைகளுக்கும் அங்கே வேதச் சந்தங்களின் பெயர்தான்: காயத்ரி, பிருகதி, உஷ்ணிக், ஜகதி, திருஷ்டுப், அனுஷ்டுப், பங்க்தி. குதிரையின் ஓட்டமும் பாட்டின் ஓட்டமும் ஒன்று என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். அதைப் படித்ததும் நம் யாப்பு நினைவுக்கு வந்தது. நாலு பாக்களுக்கும் நாலு ஓசை உண்டு. வெண்பாவுக்குச் செப்பல், ஆசிரியப்பாவுக்கு அகவல், கலிப்பாவுக்குத் துள்ளல், வஞ்சிப்பாவுக்குத் தூங்கல். நாலு குதிரை தயார். அகவல் என்றால் கூவி அழைப்பதும்தான், அதனால் உரக்கக் கனைக்கிற குதிரைக்கு அதைக் கொடுத்தேன். தாவிக் கிளம்புகிற குட்டிக்குத் துள்ளல்.

தூங்கல் என்றதும் பையன் விழுந்து விழுந்து சிரித்தான். “தூங்குமூஞ்சிக் குதிரையா?” பழைய தமிழில் தூங்குதல் என்றால் தொங்குதல். வானத்தில் தொங்கிய மூன்று கோட்டைகளை அழித்தான் என்று ஒரு சோழனைப் பாடுகிறார்கள், அந்தக் கோட்டைகளுக்குத் ‘தூங்கெயில்’ என்று பெயர். இதை அவனிடம் விளக்கவில்லை. கதையில் எதிரிப் படைத்தலைவனையும் அதே கேள்வியைக் கேட்டுச் சிரிக்க வைத்தேன். அன்று ராத்திரி அவன் கோட்டைக்கு மேலே, இறக்கையை ஒருமுறைகூட அடிக்காமல், அந்தரத்தில் அப்படியே நின்றது தூங்கல்.

பையன் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. ஆனால் செப்பலை ‘செப்பு’ என்று சுருக்கிவிட்டான். நானும் இப்போது அப்படித்தான் எழுதுகிறேன்.